ஒன்றாம் எண்ணுக்கு எதிர்வீடு

சென்ற இதழில் என் தெருவைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பெர்லின் நகரின் பிரசித்தமான பிராண்டன்பர்க் வாயிலைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்ல வாசகர்கள்! கதவு மணி, குழாய், காலிப் புட்டி, அடிபம்பு என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஊர் ஸ்ரீவைகுண்டம், தொழில் செவிலியர், வசிப்பது நகரின் வடக்கே வெட்டிங் பகுதியில். இரவுப் பணி முடித்துக் காலையில் நடந்தே வீடு திரும்புகிறவளின் கண்ணில் அவைதான் படும். கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

● என் மகன் பெர்லினில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன் தெருவில் 1-ஆம் எண் வீட்டுக்கு நேர் எதிரே 96-ஆம் எண் வீடு இருக்கிறதாம். என்னைக் கேலி செய்கிறானா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பாளையங்கோட்டை

தபால் துறையில் இருந்தவரிடம் வீட்டு எண்ணை வைத்து விளையாட எந்த மகனுக்கும் துணிவு வராது ஐயா. அவன் சொல்வது உண்மை. இங்கே 1799-இல் வீடுகளுக்கு எண் போட ஆரம்பித்தபோது, ஒரு பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசையாகத் தெருக்கோடி வரைக்கும் போட்டார்கள். அங்கே சாலையைக் கடந்து, விட்ட எண்ணிலிருந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தார்கள். ஆகவே முதல் வீடும் கடைசி வீடும் எதிரும் புதிருமாக நிற்கும். லாட முறை என்று இதற்குப் பெயர். 1920-களுக்குப் பிறகு வந்த தெருக்களில் பெரும்பாலும் நம் ஊர் போல ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். பழைய தெருக்களை மாற்றவில்லை. ஆக, ஒரே நகரத்தில் இரண்டு முறை. எந்தத் தெருவுக்கு எது என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். முனையில் இருக்கும் பெயர்ப்பலகையின் மேலே அந்தத் துண்டில் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் கவனிக்காமல் 20-ஆம் எண்ணைத் தேடி எதிர்ப்பக்கத்தில் அலைவார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், தபால்காரர் என்பதால் ரசிப்பீர்கள். நகரின் பெரிய கடைவீதியான கூர்ஃபுர்ஸ்டன்டாமில் 1 முதல் 10 வரை வீடுகளே கிடையாது. 11-இல்தான் ஆரம்பம். 1925-இல் அந்த வீதியின் தொடக்கப் பகுதிக்கு வேறு பெயர் வைத்துப் பிரித்துவிட்டார்கள். மிச்சத்துக்குப் புது எண் போட யாரும் மெனக்கெடவில்லை.

எண்ணைக் கண்டுபிடித்தாலும் வேலை முடியாது. ஒரே எண்ணில் முன்கட்டு, பக்கவாட்டுக் கட்டு, பின்கட்டு என்று இருக்கும். நடுவில் ஒரு முற்றம், அதற்கும் பின்னால் இன்னொரு முற்றம். 1853-ஆம் ஆண்டுக் கட்டட விதி, முற்றம் குறைந்தது 5.34 மீட்டர் நீள அகலம் இருக்க வேண்டும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு அவ்வளவு போதும் என்பது கணக்கு. வெயிலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஆக்கர் தெரு 132-ஆம் எண்ணில் 1870-களில் கட்டிய ஒரு குடியிருப்பில் ஆறு முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. நெரிசல் மிகுந்த காலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அந்த ஓர் எண்ணில் வாழ்ந்தார்கள். இப்போது அது இல்லை, இடித்துவிட்டார்கள். மகனிடம் எந்தக் கட்டு, எத்தனையாவது மாடி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

● உங்கள் முகவரியில் ஃபிளாட் எண்ணே இல்லையே, கடிதம் எப்படி வந்து சேரும்?
— வாசகி, கும்பகோணம்

கதவில் பெயர் இருக்கிறது அல்லவா, அதுதான் முகவரி. வாசலில் பித்தளைப் பலகையில் இருபது முப்பது மணிப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே குடும்பப் பெயர் மட்டும். எண் கிடையாது. பெயர் ஒட்டவில்லை என்றால் நீங்கள் அங்கே வசிக்கவில்லை, கடிதம் திரும்பிப் போய்விடும்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும். ஆகவே என் மணியில் இருப்பது என் அப்பாவின் பெயர். தாமிரபரணிக் கரையை விட்டு நகர மாட்டேன் என்று இருந்தவர், காலமாகிப் பல வருடம் ஆகிறது. பெயர் நீளம், கண்ணாடிக்குள் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்பட்டுவிட்டது. பார்சல் கொண்டுவருகிறவர் தினமும் அவரை அரைகுறையாகக் கூப்பிடுகிறார். வங்கியில், பல் மருத்துவரிடம், வரி அலுவலகத்தில் நான் திருமதி அப்பா. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது சரியாக உச்சரித்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தார் என்று ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். இந்த ஊரில் அண்டை வீட்டுக்காரர் முகம் தெரிவதே இந்தச் சீட்டால்தான். இரவுப் பணிக்காரி என்பதால் பகலில் நான் வீட்டில் இருப்பேன் என்பது எல்லா பார்சல்காரர்களுக்கும் தெரியும். என் வீட்டு நடையைக் கட்டடத்தின் கிடங்கு என்றே சொல்லலாம்.

● நகரத்தின் நடுவில், தலைக்கு மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் தடித்த குழாய்கள் வளைந்து வளைந்து போகும் படம் பார்த்தேன். கலைப் படைப்பா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

தண்ணீர்க் குழாய் தம்பி. பெர்லின் சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர். பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டர் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அடித்தளம் போட வேண்டுமானால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஆற்றுக்கோ கால்வாய்க்கோ கொண்டுபோகிற தற்காலிகக் குழாய்கள்தான் நீங்கள் பார்த்தவை. குறுக்கே சாலை வந்தால் மேலே ஏறி, கடந்து, மறுபடி இறங்கும். நீல நிறத்திலும் உண்டு. கட்டட வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வதை நானும் பார்க்கிறேன். கோவையில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டுக் காற்று வாங்குகிறவர்கள் இதைப் பார்த்தால் வயிறு எரியும்.

● அடிபம்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜெர்மனியிலா?
— ஊராட்சி உறுப்பினர், அருப்புக்கோட்டை

ஜெர்மனியில்தான். பெர்லின் தெருக்களில் ஏறக்குறைய இரண்டாயிரம் இருக்கின்றன. பச்சை நிறத்தில் ஆள் உயர இரும்புப் பம்பு, நீண்ட கைப்பிடி. போரோ பேரிடரோ வந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் உதவும் என்று அரசு இன்னும் பராமரிக்கிறது. பெரும்பாலானவற்றில், குடிக்க உகந்ததல்ல என்று பலகை மாட்டியிருக்கும். பத்துப் பதினைந்து முறை அடித்தால்தான் தண்ணீர் தலை காட்டும். அதுவரைக்கும் காற்று முனகும். இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டு அடி அடித்துவிட்டுக் கெட்டுப்போனது என்று போய்விடுவார்கள். நாம் விடுவோமா?

இப்போது அதற்கு வேறொரு வேலை வந்துவிட்டது. கோடை கடுமையாகி, தெரு மரங்கள் வாடுகின்றன. நகரத்தில் தெரு மரங்கள் மட்டும் சுமார் 4,30,000. அடிமரத்தைச் சுற்றிவந்து பாருங்கள், சிறிய தகட்டில் எண் இருக்கும். எந்த மரத்துக்கு யார் தண்ணீர் விட்டார்கள் என்று பதிவு செய்கிற இணைய வரைபடம் ஒன்று 2020-இல் வந்தது. பக்கத்தில் எந்தப் பம்பு இருக்கிறது என்பதையும் அது காட்டும். மாலையில் எங்கள் தெருமுனையில் வாளியோடு வரிசை நிற்கும். வாளியை வைத்து இடம் பிடிக்கிற வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

● ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாதாமே? அப்படியானால் மிக்ஸி?
— இல்லத்தரசி, மதுரை

ஆணி அடிக்கக் கூடாது, துளையிடக் கூடாது, காலிப் புட்டிகளைக் கண்ணாடித் தொட்டியில் எறியக் கூடாது. தொட்டியிலேயே நேரம் எழுதியிருக்கும். இரவு பத்து முதல் காலை ஆறு வரைக்கும் இதே கதைதான். மிக்ஸியைப் பற்றிச் சட்டம் பெயர் சொல்லிப் பேசவில்லை. ஆனால் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தேங்காய்ச் சட்டினி அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் பேசுவார். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குள் அரைத்து வைத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். மாவு கிரைண்டர் வைத்திருக்கிறவர்கள் அதற்கு அடியில் மடித்த கம்பளியைப் போடுகிறார்கள்.

இதை அண்டை வீட்டாரின் முசுடு என்று நினைத்துவிடாதீர்கள். அரசியல் சட்டத்தில் இருக்கிறது! ஜெர்மனி குடியரசானதும் எழுதிய 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாள் என்று பாதுகாத்தது. 1949-இல் புதிய சட்டம் எழுதியபோது அந்தப் பிரிவை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்கலாம் என்று பெர்லின் அனுமதித்தபோது தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. சனிக்கிழமை இரவுப் பணி முடித்துவிட்டு ஞாயிறு பகலில் தூங்குகிற நான் அந்த நீதிபதிகளுக்கு நன்றி சொல்கிறேன். பால் வாங்க மறந்த ஞாயிறுகளில் மட்டும் கொஞ்சம் குறையும்.

● பணக்கார நாட்டில் குப்பைத் தொட்டியில் கை விடுகிறவர்கள் உண்டா?
— வாசகர், சேலம்

உண்டு. காலையில் நான் வரும்போது அவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு. இது 2003 ஜனவரி முதல் தேதி வந்த விதி. பீர் புட்டிக்கு 8 சென்ட்தான். சூப்பர் மார்க்கெட் சுவரில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். புட்டியைப் படுக்கவைத்தால், உருட்டி உருட்டி முத்திரையைத் தேடிப் படித்து, உள்ளே இழுத்து நசுக்கும் சத்தம் கேட்கும். கடைசியில் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுக்க வேண்டும்.

பூங்காவில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் புட்டியைத் தொட்டிக்குள் போடுவதில்லை. தொட்டியின் காலடியில் நிற்க வைத்துவிட்டுப் போகிறார்கள். எடுக்க வருகிறவர் கை விட்டுக் கிளற வேண்டாம் என்பதற்காக. யாரும் உத்தரவு போடாமல் வந்த பழக்கம் இது. இந்த ஊரில் அப்படி வந்தவை சொற்பம். எடுக்க வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். இஸ்திரி போட்ட சட்டை, சக்கரம் வைத்த பை, கையில் உறை, சிறிய டார்ச். ஒருவருக்கு நான் வணக்கம் சொல்வது உண்டு. அவர் பதிலுக்குத் தலையாட்டுவார், நிற்க மாட்டார். பென்ஷன் போதாததால் இந்த வேலை என்று அவரைப் பற்றி எழுத எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பொழுதுபோகாமல் யாரும் ஐந்து மணிக்கு எழுந்து டார்ச் அடிப்பதில்லை.

● நடைபாதையில் பித்தளைத் தகடு பதித்து, நாஜிகள் கொன்றவர்களின் பெயர் எழுதியிருக்கிறார்களாமே. பெயரை மிதித்துக்கொண்டா நடக்கிறார்கள்? மனம் ஒப்பவில்லை.
— தமிழாசிரியை, திருச்சிராப்பள்ளி

உங்களுக்கு மட்டும் அல்ல அம்மா, மியூனிக் நகரத்துக்கே ஒப்பவில்லை. அங்கே யூத சமூகத்தின் தலைவியே, பெயரைக் காலடியில் போடுவது அவமதிப்பு என்று எதிர்த்தார். அதனால் அந்த ஊர் பொது நடைபாதைகளில் இவற்றை அனுமதிப்பதில்லை. சுவரிலும் கம்பத்திலும் தகடு வைக்கிறார்கள்.

இவற்றைச் செய்யத் தொடங்கியவர் குன்டர் டெம்னிக் என்ற கலைஞர். 1992-இல் கொலோன் நகரில், மேலே தகடு பொதிந்த முதல் கல். பெர்லினில் 1996-இல் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் அனுமதி வாங்காமலே பதித்தார். அனுமதி பிறகு வந்தது. 2023-இல் ஐரோப்பா முழுவதும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தொட்டது. பத்து சென்டிமீட்டர் சதுரம். நாஜிகள் இழுத்துக்கொண்டு போவதற்கு முன் அந்த மனிதர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலில் பதிப்பார்கள். “இங்கே வாழ்ந்தார்” என்று தொடங்கும். பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன தேதி, கொன்ற இடம். எழுத்துகளை அச்சு வைத்துச் சுத்தியால் ஒவ்வொன்றாக அடிக்கிறார்கள். இயந்திரத்தில் மொத்தமாகக் கொன்றவர்களை இயந்திரத்தில் எழுதக் கூடாது என்று.

எங்கள் வாசலில் மூன்று இருக்கின்றன. தாய், தந்தை, மகள். மகள் பிறந்தது 1931. மூவருக்கும் 1943, ஆஷ்விட்ஸ் மரண முகாம்.

பித்தளை, வெயிலிலும் மழையிலும் கறுத்துப் போகும். நவம்பர் 9, யூதர்களின் கடைகளையும் ஆலயங்களையும் 1938-இல் அடித்து நொறுக்கிய இரவு. அன்றைக்குத் தெருவில் ஆங்காங்கே ஆட்கள் முட்டி போட்டு உட்கார்ந்து தேய்ப்பார்கள். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பாட்டி டியூப்பில் வரும் பாலிஷும் பழைய காலுறையும் கொண்டுவருவார். நான் புளி கொண்டுபோனேன். சிறிது ஊறவைத்த புளி, ஒரு சிட்டிகை உப்பு, பத்து எண்ணுவதற்குள் துடைத்துத் தண்ணீர் விட வேண்டும். பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்து பார்த்தார். இது என்ன, சாப்பிடுவதா என்றார். ஆமாம், ரசத்துக்கு என்றேன். மறு வருடம் டியூப்பைக் கொண்டுவரவில்லை, கிண்ணத்தோடு வந்து என் மணியை அடித்தார்.

மிதிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் தாண்டித்தான் போகிறேன். வளர்ப்பு அப்படி. ஆனால் கல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; சுவரில் இருந்தால் அந்தப் பிள்ளையின் வயதை நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டேன்.

● கிழக்கு, மேற்கு பெர்லினைப் பிரித்த சுவர் இருந்த இடம் இன்னும் தெரிகிறதா?
— வாசகர், புதுச்சேரி

சாலையில் குறுக்கே இரண்டு வரிசைக் கருங்கல் போகும், அதுதான். கல்லைப் பார்க்காமலும் சொல்லலாம்: டிராம் இருந்தால் பெரும்பாலும் பழைய கிழக்கு. மேற்கு பெர்லினில் 1967-இல் டிராமை நிறுத்திவிட்டார்கள். 1995-இல்தான் மேற்கில் இருக்கும் எங்கள் பக்கம் தண்டவாளம் மீண்டும் வந்தது.

● என் சித்தப்பா 1984-இல் ‘பெர்லினால’ (பெர்லின் வழியாக) போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். சுவர் இருந்த காலத்தில் எப்படிச் சாத்தியம்?
— வாசகி, யாழ்ப்பாணம்

சுவர் இருந்ததால்தான் சாத்தியம் தங்கச்சி. கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினால், கிழக்கு ஜெர்மனி கடந்து செல்லும் விசா கொடுத்து ஃபிரீட்ரிஷ் தெரு ரயில் நிலையம் வழியாக மேற்கே அனுப்பிவிடும். மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆளே இல்லை. ஏன் தெரியுமா? பார்த்தால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேற்கு நாடுகள் அதை எல்லை என்று ஏற்கவே இல்லை. அந்தச் சந்தில் நுழைந்து வந்தவர்கள் நிறைய ஈழத் தமிழர்கள். 1985-இல் மேற்கு ஜெர்மனி நெருக்கி, கிழக்கு இதை நிறுத்தியது. உங்கள் சித்தப்பா காலம் பார்த்துப் போயிருக்கிறார். அந்த ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. கீழே பலகாரக் கடைகளும் பூக்கடையும். பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த மேடையில் எந்தப் படியில் இறங்கினோம் என்பது வரைக்கும் சொல்வார்கள்.

● வீட்டில் வேண்டாத பொருளை வாசலில் வைத்தால் யாராவது எடுத்துக்கொள்வார்களாமே?
— வாசகர், ஈரோடு

“இலவசம், எடுத்துக்கொள்ளலாம்” என்று ஓர் அட்டைப் பெட்டியில் எழுதி வைப்பார்கள். புத்தகம், கோப்பை, குழந்தை செருப்பு. நகரத்தின் கணக்கில் இது தெருவில் குப்பை போடும் குற்றம், அபராதம் உண்டு, ஆனாலும் நடக்கிறது. என் பழைய இந்திய மிக்ஸியை வைத்தேன். மாலைக்குள் ஜாடிகள் மூன்றும் போய்விட்டன, மோட்டார் மட்டும் அப்படியே. மூன்று முள் பிளக்கைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

● நாய்க்கு வரியா?
— பள்ளி மாணவி, நாகர்கோவில்

ஆமாம் கண்ணு. ஆண்டுக்கு 120 யூரோ, இரண்டாவது நாய்க்கு 180. கழுத்தில் வில்லை தொங்கும். பூனைக்கு வரி இல்லை.

● மகள் பிரசவத்துக்காக டிசம்பரில் பெர்லின் வருகிறேன், மூன்று மாதம். வெளியே போக முடியாத குளிராமே. ஜன்னலில் என்ன தெரியும்?
— வாசகி, காரைக்குடி

நிறையத் தெரியும் அக்கா. எதிர்வீட்டு ஜன்னலில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்க்கிற ஒருவர் அநேகமாக இருப்பார். அந்தக் காலத்து வழக்கம், வெட்டிங்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீங்களும் போடலாம், தப்பில்லை. ஜனவரியில் கிறிஸ்துமஸ் மரங்களை நடைபாதையில் கொண்டுவந்து போடுவார்கள். குறிப்பிட்ட நாளில் நகராட்சி வண்டி வந்து அள்ளும். விற்காமல் போன மரங்கள் விலங்குக் காட்சிசாலைக்குப் போகும், யானைகள் விரும்பித் தின்னும். வீட்டில் அலங்கரித்த மரத்தைக் கொடுக்க மாட்டார்கள். கம்பியும் சரிகையும் வயிற்றுக்குள் போய்விடும்.

குளிருக்குப் பயந்து உள்ளேயே இருக்க வேண்டாம். பனி விழுந்தால் வீட்டுக்காரர்தான் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். மரங்களுக்குக் கேடு என்பதால் அவர்கள் உப்புப் போடக் கூடாது. பொடிக் கல்லைத் தூவுவார்கள். அது மார்ச் வரைக்கும் கிடக்கும், ஷூவின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். வாசலிலேயே கழற்றிவிடுங்கள். மரத்தரையில் கீறல் விழுந்தால், காலி செய்யும்போது வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.